வாலை மறந்த பறவை

மூர்கள் ஆண்ட ஸ்பெயினை வைத்து ஒரு மாயாஜால சரித்திரக் கதை எழுதப்போகிறேன். மாயத்துக்கு எங்கே போவது?

எங்கேயும் போக வேண்டாம், கொர்தோபாவிலேயே இருங்கள். 9-ஆம் நூற்றாண்டில் அங்கே அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் உடம்பெல்லாம் இறகு கட்டிப் பறந்தார் என்கிறது பழைய வரலாற்று நூல். இறங்கும்போது முதுகில் சரியான அடி. பறவை இறங்க வாலும் வேண்டும் என்பதை மறந்துவிட்டாராம்!

பக்கத்திலேயே மதீனத் அஸ்-ஸஹ்ரா. கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்கில் கட்டத் தொடங்கிய நகரம். அரண்மனைக் கூடத்தில் ஒரு பாதரசத் தொட்டி இருந்ததாம். வெயில் விழும் நேரத்தில் அதை அசைத்தால் ஒளி சுவரெல்லாம் ஓடி, கூடமே சுழல்வதுபோல் விருந்தாளிக்குக் கிறுகிறுக்குமாம். இதற்கு மேல் என்ன மந்திரம் வேண்டும் உங்களுக்கு?

1492-ல் கிரானடாவை இழந்த கடைசி சுல்தான் திரும்பிப் பார்த்து அழுதாரா?

அது பிற்காலக் கதை. எனக்கு அழுகை வருவது வேறு இடத்தில். சில வருஷங்களிலேயே அதே ஊரில் அரபு நூல்களைக் குவித்து எரித்தார்கள். மருத்துவ நூல்களை மட்டும் விட்டுவைத்தார்கள். உங்கள் கதையில் ஒரு கவிதை நூலை மருத்துவ அட்டைக்குள் ஒளித்துக் காப்பாற்றுங்களேன்!