மார்ச் மாதத்து ஜல்லி

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 62-ஆம் விதி, நிதியாண்டின் கடைசி மாதங்களில் அடித்துப்பிடித்துச் செலவழிப்பதை நிதி ஒழுங்கு மீறல் என்கிறது. கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம், அதற்கு மேல் போகக் கூடாது என்று நிதியமைச்சகமும் வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் மார்ச் 31-ஆம் தேதிக்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்பதும் விதிதான். எந்த விதிக்குப் பயப்படுவது என்று கேட்டால் எந்தப் பொறியாளரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார். ஏப்ரலிலிருந்து மேசை மேசையாக இளைப்பாறிய கோப்புக்குப் பங்குனி வெயிலில் கால் முளைக்கிறது.

அடுத்து டெண்டர். ஒரு கவரில் தகுதி, இன்னொன்றில் விலை. யார் மிகக் குறைவாகக் கேட்டாரோ அவரே 'எல்-ஒன்'. பேரம் பேசியே ஆகவேண்டிய அபூர்வ நிலை வந்தால் அவரிடம் மட்டுமே பேசலாம் என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் உத்தரவு. ஊழலைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. இருப்பதிலேயே குறைவாகக் கேட்டவரைக் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் குறைங்க சார்" என்கிறார்கள். அவரும் பெருந்தன்மையாகக் குறைக்கிறார்.

ஏன் குறைக்க மாட்டார்? மண்ணுக்கடியில் பாறை இருப்பது மதிப்பீடு போட்டவருக்குத் தெரியாது. வேலை உத்தரவு கைக்கு வந்த மறுவாரமே தெரிந்துவிடும். பாறை உடைக்கத் தனி ரேட்.