மூன்றால் பெருக்கிய மனிதன்

ஸ்பெயின் நாட்டில் வெலன்சியா என்று ஒரு கடலோர ஊர். என் பள்ளித் தோழன் ஒருவன் இப்போது அங்கேதான் இருக்கிறான். சம்பளம் கொடுக்கும் கம்பெனி வேறு நாட்டில். இவன் மத்தியதரைக்கடல் வெயிலில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக் காப்பி குடிக்கிறான். இப்படிப்பட்டவர்களுக்கென்றே 2023-இல் ஸ்பெயின் தனி விசா தொடங்கியது. அவன் அனுப்பும் படங்களை என் மனைவி பெரிதாக்கிப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

நானும் அதே கூட்டம்தான். சம்பளம் சிங்கப்பூரில், சாப்பாடு ஸ்கூடாயில். வெயிலுக்கும் குறைவில்லை, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறோம். கடல் வேண்டுமென்றால் ஜோகூர் நீரிணை இருக்கிறது. படம் எடுத்து அனுப்பத்தான் ஆளில்லை.

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் மலேசிய வெள்ளி மூன்றுக்கு மேல். இந்த வாய்ப்பாடு எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மச்சான் கடன் கேட்டால் மூன்றால் பெருக்கிவிட்டுத்தான் கேட்பார். கோயில் உபயத்துக்கு வருகிறவர் ரசீதுப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே பெருக்கிவிடுவார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூட என் மேசையைப் பார்த்து, “சிங்கப்பூர் வேலையா அண்ணே?” என்றார். பெருமையாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு மட்டும் எண்பது வெள்ளி ஆனது. 1973 வரை இரண்டு நாட்டுக் காசும் ஒன்றுக்கு ஒன்று சரிசமம். அந்தக் காலத்தில் இந்த வேலை பார்த்திருந்தால் வாஷர் விலையோடு தப்பித்திருப்பேன்.

நான் அலுவலக அறை என்று சொல்வதை வீட்டில் ஸ்டோர் என்பார்கள். இடப்பக்கம் அரிசி மூட்டை, வலப்பக்கம் நான் உடம்பைக் குறைக்க வாங்கி ஒரே ஒரு நாள் ஏறிய சைக்கிள். ஒருநாள் காணொளிக் கூட்டத்தில் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் லோரி வந்து நின்றது. “பேப்பர் லாமா... சூராட் காபார் லாமா...” பழைய பேப்பர், பழைய இரும்பு, செத்த பேட்டரி எல்லாம் வாங்குகிற ஒலிபெருக்கி. மைக்கை அணைக்கக் கையை நீட்டினால் மவுசுக்குப் பதில் கருவாட்டுப் பொட்டலம் அகப்பட்டது. மேலாளர் பொறுமையாகச் சொன்னார்: “முதலில் அவர் பேசி முடிக்கட்டும்.”

கூட்டம் முடிந்து திரும்பினால் சைக்கிளைக் காணோம். நான் மழுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி பின்பக்கமாக வந்து, அதை லோரியில் ஏற்றிப் பன்னிரண்டு வெள்ளி வாங்கியிருந்தாள். அன்றைக்கு வீட்டில் கையில் காசு பார்த்தது அவள் ஒருத்திதான்.

2014 முதல் 2024 முடிய ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரில் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் ரகளைக்கு நடுவே வேலை பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பள்ளிக்கூடம் போனதும் ஓய்வெடுக்கலாம் என்று நினைப்பேன். என் ஓய்வுக்கு வீட்டில் துணி மடிப்பது என்று பெயர். 2025 ஜனவரியில் ஜோகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது. துணி மாறவில்லை.

மாதம் இரண்டு தடவை அலுவலகத்தில் முகம் காட்ட வேண்டும். ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைப்பது 1924-இல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். இருட்டோடு கிளம்பியும் நான் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸை நடந்து போகிறவர்கள் முந்துகிறார்கள். இனி புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்தே நிமிஷத்தில் ஆர்.டி.எஸ். ரயில் போகுமாம். ஊரே அதற்காகக் காத்திருக்கிறது. ரயில் வந்துவிட்டால் “தினமும் வாருங்களேன்” என்று மேலாளர் சொல்லிவிடுவார். ஆகவே, அது கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்று ராஜமாரியம்மனிடம் வேண்டிக்கொள்ளும் ஒரே ஆள் நான்தான்.

சொந்தபந்தங்களுக்கு ஒரு விண்ணப்பம். என் சம்பளத்தைத் தாராளமாக மூன்றால் பெருக்குங்கள். வீட்டுக் கடன், கார்க் கடன், டியூஷன், உபயம், மச்சான் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிஞ்சுவதைப் பெருக்குங்கள். பூஜ்யத்தை மூன்றால் பெருக்க எங்கள் வீட்டு ஒன்றாம் வகுப்புக்கே தெரியும்.