கிண்ணம் அள்ளிய நகராண்மைக் கழகம்

உங்கள் வீட்டுக் குப்பையை அள்ளும் அலுவலகம் ஒரு வருடம் காற்பந்தின் மலேசியக் கிண்ணத்தையும் அள்ளிக்கொண்டு போனது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 2003-இல் அது நடந்தது. வென்றவர்கள் பெட்டாலிங் ஜெயா நகராண்மைக் கழகம், சுருக்கமாக எம்.பி.பி.ஜே. வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டால் நாம் போன் போட்டுத் திட்டுகிற, கார் கண்ணாடியில் சம்மன் செருகிவிட்டுப் போகிற, மதிப்பீட்டு வரி கேட்டு மறக்காமல் கடிதம் அனுப்புகிற அதே எம்.பி.பி.ஜே.தான்.

இதில் என்ன அதிசயம் என்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம். கிண்ணம் பிறந்தது 1921-இல். எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்தப் பக்கம் வந்தது. அதைக் கட்டப் பணம் கொடுத்தவை இங்கிருந்த மலாய் மாநிலங்கள். வந்தவர்களை ஊர் விழுந்து விழுந்து உபசரித்தது. அதற்கு நன்றியாக அவர்கள் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கப்பலுக்கும் நம் காசு, விருந்துக்கும் நம் காசு. கிண்ணம் மட்டும் அவர்கள் பெருந்தன்மை. வெள்ளைக்காரன் கணக்கு என்றைக்குமே இப்படித்தான்.

அன்றுமுதல் அந்தக் கிண்ணம் மாநிலங்களின் சொத்து. சிலாங்கூர் 33 முறை, சிங்கப்பூர் 24 முறை. மற்றவர்கள் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1999-இல் புருணை வந்து சரவாக்கை 2-1 என்று சாய்த்துக் கிண்ணத்தை நாட்டைவிட்டே கொண்டுபோனது. புருணைக்கு அதற்கு முன்பும் கிண்ணம் இல்லை, பின்பும் இல்லை. ஆட்டக்காரர்களில் ஒரு சீசன் நாயகர்கள் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரு தேசமே அப்படி இருந்தது புருணைதான். ஆனாலும் தேசம் தேசம்தான், கௌரவம் உண்டு. 2003 வரை ஒரு கிளப் அணி, அதுவும் நகராண்மைக் கழகத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்ட அணி, கிண்ணத்தைத் தொட்டதில்லை. தொட்டபோது அது லீக்கின் இரண்டாம் பிரிவில் வேறு ஆடிக்கொண்டிருந்தது.

இறுதியாட்டத்தில் எதிரே நின்றது சபா. பாவம், அந்த மாநிலத்தின் ஜாதகத்தை யாராவது பார்த்திருக்கலாம். முந்திய ஆண்டு, 2002-இல், இதே இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 1-0 என்று தோற்றிருந்தார்கள். சரி, பெரிய இடம், தோற்றதில் அவமானம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு வருடம் உழைத்துத் திரும்ப வந்தால், சிலாங்கூருக்குப் பதிலாக அதன் நகராண்மைக் கழகம் நிற்கிறது. 3-0. முதல் வருடம் மாநிலத்திடம், அடுத்த வருடம் அந்த மாநிலத்தின் ஓர் இலாகாவிடம். மூன்றாவது வருடமும் வந்திருந்தால் தாமான் குடியிருப்பாளர் சங்கம் பந்தோடு காத்திருந்திருக்கும்.

எம்.பி.பி.ஜே.யின் பயிற்சியாளர் டோலா சாலே. ஒரு காலத்தில் தேசிய அணியின் முன்வரிசையில் நின்று எதிரணிக் காவலர்களைத் தூங்கவிடாதவர். கோல் போடும் பொறுப்பு ஹுவான் மனுவேல் அரோஸ்தேகி என்ற அர்ஜென்டினாக்காரருக்கு. அந்தப் பெயர் வாயில் நுழையாதவர்களும் அந்த வருடம் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். பந்து அவர் காலுக்குப் போனால் எதிரணி கோல்காவலர் குனிந்து வலைக்குள்ளிருந்து எடுக்கத் தயாராகிவிடலாம். ஆடிய இடம் கிளானா ஜெயா அரங்கம். 1998 காமன்வெல்த் விளையாட்டில் ரக்பி செவன்ஸ் நடந்து ஜோனா லோமு ஓடிய புல். லோமுவைப் பார்க்க உலகமே வந்தது. எம்.பி.பி.ஜே.யைப் பார்க்கச் சில நாள் நகராண்மைக் கழக ஊழியர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். அங்கேதான் சிக்கல். கிண்ணம் வெல்ல பதினோரு பேர் போதும். கிளப் நடத்த டிக்கெட் வாங்குகிற ஆள் வேண்டும்.

மூன்றே வருடம். 2006-இல் அணி லீக்கைவிட்டு விலகிக் காணாமல் போனது. அதே 2006-இல், ஜூன் 20-ஆம் தேதி, பெட்டாலிங் ஜெயா மாநகர் ஆனது. கழகம் மன்றமாகப் பதவி உயர்ந்து, ரோமன் எழுத்தில் MPPJ என்பது MBPJ என்று மாறியது. பெயர்ப்பலகை, கடிதத்தாள், லாரிக் கதவு எல்லாவற்றிலும் புது எழுத்து. சட்டையில் மாற்ற மட்டும் யாரும் மிச்சமில்லை. பக்கத்திலிருக்கும் கிள்ளான் இந்த வம்புக்கே போகவில்லை. மலேசியக் கிண்ணத்தையும் வெல்லவில்லை, அதனால் பறிகொடுக்கவும் ஒன்றுமில்லை. 2024-இல் பேசாமல் அரச மாநகர் ஆகிவிட்டது. புத்திசாலிகள்.

எம்.பி.பி.ஜே.யைப்போல ஒரே சீசனில் மின்னி அணைந்த ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடைகளில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. தே தாரேக் ஆறுவதற்குள் மூன்று பெயர் விழும். 1990 உலகக் கிண்ணத்தில் ஆறு கோல் போட்டு இத்தாலியையே அழவும் சிரிக்கவும் வைத்த ஸ்கில்லாச்சி. அவர் தேசிய அணிக்காக வாழ்நாளில் போட்டதே ஏழு கோல். 1994-இல் கேமரூனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்த ரஷ்யாவின் சலென்கோ. அந்த உலகக் கிண்ணத்துக்குப் பிறகு ரஷ்யா அவரை ஆடவே கூப்பிடவில்லை. ஐந்து அடித்ததற்கு இது பரிசு என்றால் ஆறு அடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அப்புறம் ஸ்வான்சியின் மிச்சு. இருபது லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். 2012-13 பிரிமியர் லீக்கில் 18 கோல். எல்லாவற்றையும் அந்த ஒரு வருடத்திலேயே செலவழித்துவிட்டார் போல, அடுத்த சீசனுக்கு மிச்சு எதையும் மிச்சம் வைக்கவில்லை. கணுக்கால் ஒத்துழைக்காமல் 2017-இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஆனால் இந்த மூவர் கதையிலும் ஒரு வசதி இருக்கிறது. ஆள் மங்கினார், அணி இருந்தது. ஸ்வான்சி இருக்கிறது, இத்தாலி இருக்கிறது. திட்டுவதற்கு ஒரு வாசல் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் கதை தலைகீழ். ஆட்டக்காரர் அடுத்த சீசனுக்கு பூட்ஸ் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பார். கிளப்பைத்தான் காணோம். ஒரு சீசன் நாயகன் என்று அவரை நாம் கிண்டல் செய்வது அநியாயம். இரண்டாவது சீசனை யார் கண்ணில் காட்டினார்கள்?

எம்.பி.பி.ஜே.யோடு கூடவே 2006-இல் மூட்டை கட்டிய இன்னொரு அணி பப்ளிக் பேங்க். 2004-இல் சூப்பர் லீக் முதன்முதலாக நடந்தபோது பஹாங்கிற்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்த அணி. அவர்கள் போன அதே 2006-இல், காலியான மேடைக்கு வந்தது மைடீம். பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுப்பதுபோல தொலைக்காட்சியில் ஆட்டக்காரர்களைத் தேடி எடுத்தார்கள். முன்னால் நின்றவர் கைரி ஜமாலுடின், அன்றைய பிரதமரின் மருமகன். மைடீம் தேசிய அணியோடு மோதி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோற்றது. நாடு கைதட்டியது. தேசிய அணிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் பேராக் தோட்ட நிறுவனம் ஒன்றின் அணியோடு சேர்ந்து யு.பி.பி.-மைடீம் ஆகி சூப்பர் லீக் வரை வந்தார்கள். 2009-க்குப் பிறகு அதுவும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்து ஒன்றும் மிஞ்சாமல் வெளியேறுவது நமக்குப் புதிதில்லை என்றாலும் காற்பந்துக்காரர்களுக்கும் அதே கதியா என்று இருந்தது.

இந்த வியாதிக்கு வேர் எங்கே என்று பார்த்தால் 1994-க்குப் போக வேண்டும். மலேசிய லீக் முழுநேரத் தொழில்முறை ஆட்டமாக மாறிய வருடம். ஆட்டக்காரர்கள் தொழில்முறைக்குப் பழகுவதற்கு முன்பே சூதாட்டத் தரகர்கள் பழகிவிட்டார்கள். ஆட்டங்கள் விலை போயின. விசாரிக்கப்பட்டவர்கள் 126 பேர், இடைநீக்கம் 58, வேலையிழந்த ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் 21. சிலரை வேறு மாவட்டத்துக்குக் கடத்தி அங்கேயே இரு என்று அரசாங்கம் உட்கார வைத்தது. ஒரு தலைமுறையின் அடுத்த சீசன் அங்கே போயிற்று. சிங்கப்பூர் அந்த வருடம் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றுவிட்டு, டிக்கெட் வசூல் தகராறில் நம் போட்டியைவிட்டே கிளம்பிப் போனது.

அதற்குப் பிறகு மெர்டேகா அரங்கில் இடமில்லாமல் மதிலேறிப் பார்த்த கூட்டம் மாமாக் கடைப் பெரிய திரைக்கு மாறியது. லிவர்பூல், மென்செஸ்டர் என்று பேச்சும் மாறியது. வாசலில் வசூல் இல்லை என்றால் சம்பளம் எங்கிருந்து வரும்? மாநில அரசு, நகராண்மைக் கழகம், வங்கி, அரசு சார்ந்த நிறுவனம். யாராவது ஒரு தலைவருக்குக் காற்பந்து பிடித்திருக்கும்வரை அணி ஓடும். அவர் மாற்றலாகிப் போய், அடுத்தவருக்குக் கோல்ஃப் பிடித்தால் முடிந்தது.

டோலா சாலேயின் கதையை விட்டுவிட்டேனே. எம்.பி.பி.ஜே.யிலிருந்து அவர் சிலாங்கூருக்குப் போனார். அப்போது சிலாங்கூர், ஆமாம் 33 முறை வென்ற அந்தச் சிலாங்கூர்தான், இரண்டாம் பிரிவில் கிடந்தது. 2005-இல் இந்தோனேசியாவிலிருந்து பம்பாங் பமுங்காஸும் எலி ஐபோயும் வந்தார்கள். இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றும் வீட்டுக்கு வந்தன. மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெர்லிஸுக்கு எதிராக மூன்று கோல், மூன்றும் பம்பாங். இந்தோனேசியாவோடு தேசிய அணி மோதும் நாளில் அதே ஆளைத் திட்ட வேண்டிய தர்மசங்கடத்தில் ஷா ஆலம் ரசிகர்கள் இருந்தார்கள். டோலா பின்னாளில் தேசியப் பயிற்சியாளராகி 2014 ஆசியான் கிண்ண இறுதியாட்டம் வரை போனார். அடுத்த வருடம் செப்டம்பரில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 10-0. ராஜினாமா. இரண்டாவது சீசன் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் உதாரணம் என்று சொல்பவர்களும் உண்டு.

நம்மவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபா ஓர் அணியை வளர்த்து 2017-இல் பிரிமியர் லீக்கில் இறக்கியது. மெர்டேகா அரங்கில் ஸ்பைடர்மேன் ஆறுமுகம் பந்தைப் பறந்து பிடித்த காலத்தைப் பேசியே வயதானவர்களுக்கு அது ஒரு தெம்பு. மேலே ஏற வேண்டிய ஃபெல்க்ரா அணி விலகிக்கொண்டதில் இடம் கிடைத்து, 2019-இல் சூப்பர் லீக். பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி. அரங்கம் எது? கிளானா ஜெயாவேதான். அந்தப் புல்லில் என்ன இருக்கிறதோ. 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தே சூப்பர் லீக்கில் சமாளித்தார்கள். பெருமையான காரியம், செலவும் குறைவு. 2022 முடிந்ததும் விலகிக்கொண்டார்கள். அடுத்தவர் விலகியதால் உள்ளே வந்து, தாமே விலகி வெளியே போன அணி.

இவ்வளவுக்கும் நடுவில் கோலாலம்பூர் அணியின் கதை தனி ரகம். 1987, 1988, 1989 மூன்று வருடமும் மலேசியக் கிண்ணம், மூன்று முறையும் இறுதியாட்டத்தில் எதிரே வந்து தோற்றது கெடா. பிறகு 32 வருடம் தூக்கம். 2021 நவம்பர் 30-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் யாரும் அசைக்க முடியாத ஜொகூரை 2-0 என்று அடித்தார்கள். கேப்டன் பாவ்லோ ஜோசுவே போட்டது ஒன்று.

சரி, இத்தோடு முடிந்தது, வழக்கம்போல அடுத்த வருடம் அணியைக் கலைத்துவிடுவார்கள் என்று ஊர் காத்திருந்தது. கலைக்கவில்லை. 2022-இல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தில் ஆடப் போனார்கள். கொல்கத்தாவில் மோகன் பகானை அவர்கள் கூட்டத்தின் முன்னாலேயே 3-1 என்று தோற்கடித்துவிட்டு இறுதியாட்டம்வரை வந்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடி வெட்டும் கடையில், தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடியபோது பக்கத்து நாற்காலி அங்கிள் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"தம்பி, இது போன வருசம் ஜெயிச்ச அதே டீமா?"

"அதே டீம்தான் அங்கிள்."

"இன்னும் கலைக்கலையா?"

"இல்லையே."

"எங்கேயோ கணக்குல தப்பு நடந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தலையைக் கொடுத்தார். இறுதியாட்டத்தில் ஓமானின் அல் சீப் புக்கிட் ஜாலிலுக்கே வந்து 3-0 என்று வென்றது. அன்று அங்கிள்தான் ரொம்ப நிம்மதியாக இருந்திருப்பார்.