கடலோரத்தில் உப்பு வாங்குவோர்

லங்காட் ஆற்றால் பெருநிலத்திலிருந்து பிரிந்து, பாலத்தால் மீண்டும் ஒட்டிக்கொண்ட கேரி தீவில், செம்பனைத் தோட்டங்களைக் கடந்தால் கண்டற்காடும் சேறும், அவற்றுக்கு அப்பால் மலாக்கா நீரிணை முழுவதும் இலவசமாகக் கிடக்க, கிள்ளான் வட்டாரத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் கடைக்குச் சென்று உப்பு வாங்கி, வடிகட்டிய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்து, வரவேற்பறையில் சொந்தக் கடல் ஒன்றை உண்டாக்கிக்கொள்கின்றனர். இதில் நகைப்புக்கு இடமிருப்பினும் தவறில்லை. ஆற்றுவாய் நீரின் உப்பு மழைக்கும் ஓதத்திற்கும் ஏற்பக் கூடிக் குறைவதோடு, சேறும் கப்பல் எண்ணெயும், காசு கேளாமலே வந்துசேரும் ஒட்டுண்ணிகளும் அந்நீரோடு வீட்டுக்குள் நுழையும். உண்மையில் நகைப்புக்குரியது, உப்பு கரைந்த மறுநாளே மீன் வாங்கப் புறப்படுவதுதான்.

மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொட்டிக்காரர்கள் இதனைச் 'சைக்கிள் ஆவது' என்பர். அத்தனை நாளும் வெறுங்கல்லைக் காட்டி, மீன் எங்கே என்று கேட்கும் விருந்தினரிடம் 'இப்போது பாக்டீரியா வளர்க்கிறோம்' என்று விடையிறுக்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்திற்குக் காத்திருத்தல் பழைய பாடம். இன்றைய கிள்ளான் துறைமுகம் 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில், சதுப்பு சதுப்பாகவே இருக்கத் திறக்கப்பட்டபோது மலேரியா பரவி, துறைமுகத்தையே மூட நேரும் நிலை உண்டாயிற்று. மருத்துவர் மால்கம் வாட்சனின் முயற்சியில் வடிகால் வெட்டி நிலத்தைச் சீர்செய்த பிறகே அங்கு மனிதர் நிலைத்து வாழ முடிந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர்களும் தனிமை முகாமில் நிறுத்தப்பட்டு, நோயில்லை என்று கண்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தாத்தா அவ்வாறு காத்திருந்தார். பேரன் வாங்கிய மீனோ பிளாஸ்டிக் பையிலிருந்து நேரே நடுக்கூடத்துத் தொட்டியில் குதிக்கிறது.

எந்த மீன் என்பதிலும் இதே அவசரந்தான். 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைக் கண்ட குழந்தைகளுக்காகக் குட்டியாக வாங்கப்படும் நீல டாங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. அது வளர்ந்தபின் தொட்டியை மாற்றுவதா, வீட்டை மாற்றுவதா என்னும் ஆராய்ச்சி தொடங்குகிறது.

நெரிசலில் முதலில் தலைகாட்டுவது வெண்புள்ளி நோய். கிரிப்டோகேரியான் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் சில நாள் உண்டு கொழுத்து, தானே உதிர்ந்து, அடியில் கூடு கட்டிப் பிளந்து பல மடங்காகப் பெருகி, மறுபடி மீன் தேடிப் புறப்படுகிறது. ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிடில் அது மடியும். மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் அப்படித்தான் மடிகிறது, நான்கு அடித் தொட்டியிலோ அதற்கு முகவரி தவறுவதே இல்லை. புள்ளிகள் உதிரும் இடைவேளையைக் குணமென்று கொண்டாடும் வளர்ப்போர், அதன் பெருமையைத் தீவனத்தில் கலந்த பூண்டுக்கு வழங்குவதும் உண்டு. ஆயின் இந்நோய்க்குப் பூண்டு நம்பத்தக்க மருந்தன்று. செப்பு மருந்து பயன் தரும், எனினும் அது இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடுமாதலால், தனித்தொட்டியிலேயே அளவோடு இடப்பட வேண்டும். முதன்மைத் தொட்டியோ, கூடுகள் யாவும் வெடித்துத் தீரும்வரை ஏறத்தாழ இரண்டரை மாதம் மீனின்றிக் கிடக்க வேண்டும். விருந்தினர் மறுபடியும் வருவர். புது மீனை முன்பே நான்கு வாரமாவது தனியே வைத்திருந்தால் இந்தச் சங்கடத்தைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

இவ்வாறு மனம் வெதும்பியோர் ஞாயிற்றுக்கிழமை கேரி தீவுக்குக் கடலுணவு உண்ணச் சென்றால், கடையின் முன்புறத் தொட்டியில் சியாக்காப் மீனும் கெராப்பு மீனும் செதிலோடு செதில் உரசி நெருங்கி நிற்பதைக் கண்டு திகைப்பதுண்டு. அங்கே தனித்தொட்டியும் இல்லை, செப்பும் இல்லை. புள்ளி தோன்றுவதற்கு வேண்டிய நாட்களை அந்த மீன்களுக்கு எவரும் கொடுப்பதில்லை. பூண்டு மட்டும் உண்டு. அது இஞ்சியோடு சேர்ந்து வாணலியில் காத்திருக்கிறது.