ஸ்ரீமான் வசைவாணர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையின் உணவுக்கடை வாசல்களிலாவது, கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் பூக்கடை ஓரங்களிலாவது சற்று நேரம் நின்றவர்களுக்கு வசைவாணரை நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியமில்லை. உருவம் கண்ணில் படுமுன்னரே குரல் வந்து சேர்ந்துவிடும். ஐம்பது பிராயம், கஞ்சி போட்டுத் தேய்த்த அரைக்கைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் நுரை ததும்பும் தே தாரேக், நாவிலே பத்திரிகைக்காரர்கள் புள்ளியிட்டு மறைக்கும் பதங்கள் ஆகிய சகல லட்சணங்களும் ஒருங்கே அமையப்பெற்றவர் அவர். தேநீரில் சீனி கூடினாலும் ஏசுவார், குறைந்தாலும் ஏசுவார். தப்பித்தவறி அளவாக அமைந்துவிட்டாலோ, "இன்னிக்குத்தான்டா ஒழுங்கா கலக்கியிருக்கே" என்ற பாராட்டுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு வசைகளைக் காவல் வைத்தே வழங்குவார்.

அவரைத் துஷ்டர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலில் விடியற்காலை முதல் நின்று மோர் வார்க்கிறவர் அவர்தாம். அதற்கு முன் விரதம் காக்கும் நாட்களில் மாமிசத்தோடு வசையையும் அறவே விலக்கிவிடுகிறார். விரதம் முடிந்த மறுநாள் காலையில், ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டையும் ஒரே சமயத்தில் மீண்டும் ஆரம்பிக்கிறார்.

"நான் என்ன செய்ய தம்பி, அது தானா வாயில வந்துடுது" என்பது அவருடைய நிரந்தர வாக்குமூலம். இதற்கு விஞ்ஞானத்தின் சாட்சியமும் ஓரளவு இல்லாமலில்லை. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்து மனோதத்துவ ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸும் அவருடைய சகாக்களும், மாணவர்களைப் பனிபோலக் குளிர்ந்த நீரில் கையை அமிழ்த்தச் செய்து, ஒரு முறை வசைச்சொல்லையும் மறுமுறை மேசையை வருணிக்கும் சாதுவான சொல்லையும் உச்சரிக்கச் சொல்லிப் பார்த்ததில், வசை மொழிந்தபோது கை அதிக நேரம் வலியைத் தாங்கிற்று என்று 2009ஆம் ஆண்டில் பிரசுரித்தார்கள். இதைக் கேட்ட வசைவாணர், தமக்கே டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டதைப்போல் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் 2011இல் அதே ஆசிரியர் வெளியிட்ட இன்னோர் ஆராய்ச்சியின்படி, நித்தியம் ஏசிப் பழகினவர்களுக்கு அந்த வலி நிவாரணம் குறைந்துபோகிறது என்பதையும் நான் சொல்லவே, "வெள்ளைக்காரனுக்கு வேற வேலை இல்ல" என்று தொடங்கி, அந்த ஆசிரியரின் வம்சத்தையே விசாரிக்கப் புறப்பட்டுவிட்டார்.

சமூகம் இவரைப் பார்க்கும் பார்வையோ விசித்திரமானது. ஆண்பிள்ளை ஏசினால், "கொஞ்சம் கோபக்காரர், மனசுல ஒன்னும் வெச்சுக்கமாட்டார்" என்று நற்சாட்சிப் பத்திரம் தருகிற ஜனங்கள், அதே பதத்தில் பாதியை அவருடைய சம்சாரம் உச்சரித்தால் காதைப் பொத்திக்கொள்ளுகிறார்கள். அன்றியும், நாலைந்து பாஷைகள் எப்பொழுதும் காதில் விழுந்துகொண்டிருக்கும் இந்தத் தேசத்திலே, தமிழில் ஏச நாணுகிற கனவான்கள் மலாயிலோ ஹொக்கியனிலோ ஏசிவிட்டு, தம் தாய்மொழியின் கற்புக்குப் பங்கம் நேரவில்லை என்று திருப்தியடைகிறார்கள். ஆங்கிலத்தில் ஏசுகிறவருக்கோ, படித்தவர் என்ற பெயரும் உபரியாகக் கிடைக்கிறது. முட்டாள் என்றால் பிள்ளையின் மனம் புண்படுமென்று அஞ்சி, நாள் முழுவதும் 'போடோ' என்று மலாயிலேயே அழைத்து வளர்க்கும் தாய்மாரையும் நாம் அறிவோம்.

இருக்கட்டும், வசை தானாக வருகிறது என்ற சித்தாந்தத்தைச் சற்றுப் பரீட்சிப்போம். தீபாவளிச் சந்தை நெரிசலில் ஒரு நாள் மாலை, வசைவாணரின் மோட்டார் சைக்கிளை நகரவிடாமல் குறுக்கே வந்து நின்றது ஒரு வெள்ளைக் கார். "டேய், உங்கம்மா..." என்று வானம் அதிர ஆரம்பித்தார். காரின் கண்ணாடி மெல்ல இறங்கிற்று. உள்ளே வீற்றிருந்தவர் கோயில் கமிட்டியின் முக்கியஸ்தராகிய ஒரு டத்தோ. ஒரு விநாடிகூடத் தயங்காமல், சுருதியை மாத்திரம் இரண்டு கட்டை இறக்கிக்கொண்டு, "...சௌக்கியமா இருக்காங்களா டத்தோ?" என்று வாக்கியத்தைப் பூர்த்தி செய்தார் நம்மவர்.

"அம்மா தவறி நாலு வருசம் ஆச்சேய்யா. கருமாதிக்கு நீங்க வந்து சாப்பிட்டீங்களே!"

"அதான் டத்தோ, மனசு இன்னும் கேக்க மாட்டேங்குது."

கார் நகர்ந்தது. பாதியில் நின்றுபோன வாக்கியத்தின் மூல பாடத்தை, பின்னால் உணவுப் பொட்டலங்களோடு மோட்டாரில் வந்துகொண்டிருந்த ஒரு பையன், யாதொரு குற்றமும் செய்யாமலே, முழுவதுமாகப் பெற்றுக்கொண்டான்.

வசைக்கு மேடு பள்ளம் தெரியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களின் சரித்திரத்தில் இருக்கிறது. அங்கே துரை கிராணியை ஏச, கிராணி கங்காணியை ஏச, கங்காணி பால்மரம் வெட்டுகிறவனை ஏச, அவன் லயத்துக்குத் திரும்பி மனைவியை ஏசுவதென்பது ஒரு நிர்வாக முறையாகவே நடந்துவந்தது. 1941ஆம் ஆண்டில், ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தங்களின்போது, தொழிலாளர்கள் சம்பள உயர்வோடு கூட, கொடுமை செய்யும் உத்தியோகஸ்தர்களை நீக்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். ஏசுவதற்கு அவர்களைவிட அதிகக் காரணம் உடையவர்கள் இந்நாட்டில் இருந்திருக்க முடியாது. எனினும் மேலே இருந்தவர்களிடம் அவர்கள் நீட்டியது கோரிக்கைப் பட்டியலைத்தான். அதற்குப் பிரதியாக நாதனுக்குக் கிடைத்தது கைதும் நாடுகடத்தலும்.

சர்க்காரும் வசைக்கு விலை நிர்ணயித்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, அமைதியைக் குலைக்கும் நோக்கத்தோடு ஒருவரை நேரில் ஏசினால் அபராதம் 100 வெள்ளிக்கு மேற்படாது. 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டமோ, அதே வசையை வேண்டுமென்றே தொலைபேசியில் அனுப்பித் தொல்லை கொடுப்பவருக்கு, இயற்றப்பட்ட நாளிலேயே 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதித்தது. இந்த வித்தியாசத்தை அறிந்துகொண்ட நாள் முதல் வசைவாணர் எதையும் எழுத்தில் வைப்பதில்லை; குரல் பதிவும் அனுப்புவதில்லை. "நேர்ல வாடா, பேசிக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுகிறார். தானாக வருகிற ஒன்று, அபராதத் தொகையைப் பார்த்து வருவதும் வராதிருப்பதும் படைப்பின் அதிசயங்களில் ஒன்றென்றே சொல்ல வேண்டும்.

ஆகையால் அவருக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த தடவை கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு வங்கி மேலாளரின் குளிரூட்டிய அறையில் கைகட்டி நிற்கும்போது, அந்தச் சொல் ஒரே ஒரு முறை தானாக அவர் வாயில் வரட்டும். வந்துவிட்டால், அது வியாதியேயன்றி வேறில்லை என்று ஊரறிய ஒப்புக்கொண்டு, அந்த 100 வெள்ளியை நானே கட்டிவிடச் சித்தமாயிருக்கிறேன்.