செருப்பு மாட்டும்போது வெளிவரும் உண்மை: வக்கீல் வீட்டு வரவேற்பறை வினாக்கள் – ஓர் ஆய்வு

சங்க இலக்கியத்தில் உப்பு, சிலம்பில் செருப்பு என்று இனி ஆராய ஒன்றுமில்லை என்னும் அளவுக்கு நம் பல்கலைக்கழக நூலகங்கள் நிறைந்துவிட்டன. ஆயினும், வக்கீல் வீட்டு வரவேற்பறையில் காபி குடித்தபடி கேட்கப்படும் சட்டக் கேள்விக்கு இதுவரை ஒரு முனைவர் பட்டம்கூட வாய்க்கவில்லை. இக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்கத்தை முன்னுரையில் ஒருமுறையும், ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் ஒருமுறையும், முடிவுரையில் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் ஒருமுறையும் சொல்வது ஆய்வேட்டு மரபு. காகித விலை கருதி ஒருமுறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆய்வுக்களம் எங்கள் வீடு. வீட்டுக்காரர் சிவில் பக்கம் வக்கீல். நான் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவள். வருகிறவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைக்கிறவள். தரவுகள் யாவும் டம்ளரை வைக்கும்போதும் எடுக்கும்போதும் திரட்டப்பட்டவை. எடுக்கப் போனபோது கிடைத்தவையே தரத்தில் உயர்ந்தவை. காரணம் பின்னர்.

இப்படித் தரவு திரட்டலாமா என்பதை முதலில் தீர்த்துவிட வேண்டும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது என்றது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. அடுத்த பிரிவு அந்தத் தடையை அவருடைய மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, வேலைக்காரர் ஆகியோருக்கும் நீட்டியது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்து உட்கார்ந்து, இவற்றையெல்லாம் 132-ஆம் பிரிவில் சேர்த்துக்கொண்டது. நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்கள். இரண்டின் பட்டியலிலும் காபி கொண்டுவரும் மனைவி இல்லை. இது சட்டம் செய்தவர்களின் மறதியா, அவளை வேலைக்காரருக்குள் அடக்கிவிட்டார்களா, அல்லது தொகைநிலையில் மறைந்து நிற்கிறாளா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர் இருவர்: நானும் அவரும்.

இனி, தோற்றுவாய். கல்யாண வீட்டில் சட்டப் பிரச்சினையைக் கிளப்பும் வழக்கத்துக்குத் தமிழில் தொன்மையான சான்று பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம். சுந்தரருக்குப் புத்தூரில் மணப்பந்தல். முகூர்த்த நேரத்தில் ஒரு கிழவர் வந்து, ‘உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை’ என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். எதிர்த்தரப்பு ஆவணத்தைக் கிழித்தால் வழக்கு முடிந்தது என்ற எண்ணம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் சிலரிடம் இன்றும் உயிரோடிருக்கிறது. கிழவர் அசரவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலைதான் என்று சொல்லி மூல ஓலையை எடுக்கிறார். பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்; பொருந்துகிறது; தீர்ப்பு கிழவர் பக்கம். ஜெராக்ஸ், ஒரிஜினல், கையெழுத்து ஒப்பீடு எல்லாம் அங்கேயே இருக்கின்றன. சுந்தரர் காலத்தை அரை நூற்றாண்டு முன்னும் பின்னும் தள்ளுவதிலேயே ஆயுளைக் கழித்த அறிஞர்கள் நம்மிடம் உண்டு. சாவகாசமாக மறுநாள் வந்திருக்கலாமே, ஏன் முகூர்த்தத்தில் வந்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. விடை எளிது: பந்தலில்தான் எல்லோரும் இருப்பார்கள், சாப்பாடும் உண்டு.

வினாக்கள் ஐந்து வகைப்படும். ஆறு என்பாரும் உளர். அவர் ‘விவாகரத்துக்கு எத்தனை நாளாகும்’ என்பதைத் தனி வகையாகக் கொள்வர். அது கேள்வியன்று, பெருமூச்சு.

ஒன்று, நண்பர் வினா. ‘என் ஃப்ரெண்டு ஒருத்தருக்காகக் கேக்கறேன் சார்’ என்று தொடங்குகிறவர் எல்லோருக்கும் அந்த நண்பரின் சர்வே நம்பர் மனப்பாடம்.

இரண்டு, ‘அவனை உள்ள தள்ள ஏதாவது செக்‌ஷன் இருக்கா?’ இருக்கிறது.

மூன்று, தாள் வினா. பத்திரத்தாள் ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பது திண்ணை மரபினர் அனைவரும் ஒப்பிய ஒரே கொள்கை (மாமா, வாய்மொழி, மச்சினர், மேலது, மாமா, மறுபடியும், சற்று உரக்க). 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு ஆறு மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வது உண்மைதான். அது, பயன்படாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. தாளில் எழுதுவதற்கு அது கெடு எதுவும் வைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 1973-லும் 1978-லும் வாங்கிய தாள்களில் 1980-ல் ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். தாள் பழசு என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் வந்தவர் முகம் வாடுகிறது. தாள் காலாவதியானால்தானே பங்காளியின் பத்திரம் செல்லாமல் போகும்?

இதன் கிளை, பதினொரு மாத வினா. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்றது 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம். அதன் வேலிக்கு ஒரு மாதம் இந்தப் பக்கமே நின்றுகொள்வதற்காக நம்மவர் பதினொன்றைக் கண்டுபிடித்தனர். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வேலி இடம் மாறிவிட்டது. நம்மவர் பழைய இடத்திலேயே தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு, அக்கா வினா. ‘அக்காவுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு. இப்ப வந்து பங்கு கேட்டா குடுக்கணுமா?’ இதற்கு விடை மூன்று தவணைகளில் வந்திருக்கிறது. 1989 மார்ச் 25-க்குள் திருமணம் ஆகாதிருந்த மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் உரிமை என்று தமிழ்நாடு திருத்தம் செய்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் ‘திருமணம் ஆகாதிருந்த’ என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. மூன்றில் எதிலும் சீர்வரிசைப் பாத்திரங்களைக் கழித்துக்கொள்ளச் சொல்லவில்லை. இந்த வினாவோடு வருகிற தம்பிகள் அக்காவை அழைத்து வருவதில்லை. ஓர் அக்கா தனியாக வந்தார். அவருக்கு மட்டும் இரண்டாவது டம்ளரும் டிகாக்‌ஷன் தூக்கலாகக் கொடுத்தேன். ஆய்வாளர் நடுநிலை பிறழக் கூடாது என்பதை அறிவேன்.

ஐந்தாவதே இக்கட்டுரையின் உயிர்நிலை.

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். இலவசச் சட்ட ஆலோசனைக்கு நான்கு: குசலப் பருவம், காபிப் பருவம், கதைப் பருவம், செருப்புப் பருவம். முதல் மூன்றில் சொல்லப்படுவது எதுவும் வழக்குக்கு உதவாது. என் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருநாள் வந்தார். ‘பேங்க்காரன் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கான், மாப்பிள்ளை. கடன் வாங்கினது சம்பந்தி. எனக்கும் அதுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது’ என்றார். சம்பந்தியோடு உறவில்லை என்ற முரணை வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. வாங்காத கடனுக்கு எவரும் பொறுப்பாக மாட்டார் என்று விரிவாக எடுத்துரைத்தார். சித்தப்பா நிறைந்த மனதோடு எழுந்தார், வாசலுக்குப் போனார், ஒரு செருப்பை மாட்டினார்.

‘ஒரே ஒரு எடத்துல கையெழுத்து மட்டும் போட்டேன். வேற ஒண்ணும் இல்ல.’

‘எதுல சித்தப்பா?’

‘அவங்க காட்டின எடத்துல.’

ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்போடு சமமானது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. முதலில் கடன்காரரைத் துரத்திவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் வங்கிக்கு இல்லை. 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சித்தப்பா இன்னொரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

செக் வினாவும் இப்பருவத்தில்தான் முற்றுகிறது. செக் திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செக் கொடுத்தவர் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். வந்தவர் வாசலில் நின்று, ‘நான் பேரு, தொகை, தேதி எதுவும் எழுதல. கையெழுத்து மட்டும்தான்’ என்பார், எழுதாமல் விட்டது தன் சாமர்த்தியம் என்ற தொனியில். விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கானாலும் கடனுக்காகக் கொடுத்தது என்றே அனுமானம் எழும், இல்லையென்று காட்டும் பாரம் கொடுத்தவர் தலையில் என்பது 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

உண்மை ஏன் செருப்பை நாடுகிறது? ஆழ்ந்து நோக்கியதில் சில நுட்பங்கள் புலப்பட்டன. ஒரு காலில் செருப்பு ஏறிய நிலையில் வெளிவருபவை பணம் பற்றியவை. இரு காலிலும் ஏறிய பின் வெளிவருபவை குற்றவியல் சார்ந்தவை (‘ஸ்டேஷன்ல ஒருதடவை கூப்ட்டு எழுதி வாங்கினாங்க, அது பரவால்லையா?’). கேட்டின் கொக்கியைப் போட்ட பின் சுவர்மேல் எட்டிச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இரண்டாம் குடும்பம் குறித்தவை. லேஸ் கட்டும் ஷூ போட்டு வந்தவர் குனிந்த நிலையில் நெடுநேரம் இருப்பதால் முழு வாக்குமூலமே கிடைக்கிறது. ஒரு பரிசோதனையாகச் செருப்பு ஸ்டாண்டை வரவேற்பறைக்குள் நகர்த்தினோம். உண்மை ஸ்கூட்டரைக் கிளப்பும் நேரத்துக்குத் தள்ளிப்போயிற்று. (விரிவுக்குக் காண்க: சித்தப்பா, ‘கையெழுத்துதானே போட்டேன்’, கல்யாண மண்டபப் பதிப்பு, இரண்டாம் பந்தி, ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட பகுதி. சம்பந்தி வீட்டுப் பாடத்தில் கடன் தொகை கூடுதல், இடைச்செருகல் ஆகலாம். அத்தை வைத்திருந்த பாடம் முற்றிலும் வேறு: அதில் கையெழுத்துப் போட்டதே அத்தை.)

இக்கதைகளைப் படிக்கும் முறையை நச்சினார்க்கினியரிடமே கற்க வேண்டும். பாட்டின் கடைசியில் கிடக்கும் சொல்லை எடுத்து முதலடியோடு சேர்த்து, நடுவில் இருப்பதைப் பின்னே தள்ளிப் பொருள் சொல்வதில் அவர் சமர்த்தர். புலவன் அப்படியா நினைத்தான் என்று அவரைக் குறை சொல்வதைப் பிற்கால அறிஞர்கள் ஒரு தொழிலாகவே செய்துவந்திருக்கிறார்கள். நானும் வகுப்பில் செய்திருக்கிறேன். வக்கீலுக்கு வேறு வழியில்லை. வாசலில் சொன்னதை முதலில் வைத்து, சோபாவில் சொன்னதை அதன்கீழ் அடக்கி, குசலம் விசாரித்ததைத் தள்ளினால்தான் வழக்குக் கிடைக்கும். உச்சிமேற்புலவர் கொள் நச்சினார்க்கினியர் எந்தக் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்தார் என்பது ஆய்வுக்குரியது.

கட்டணம் பற்றி ஒரு பத்தி. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆம் விதி, பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் பலகை நியாயத்தைவிடச் சிறியது. இருந்தும் வருகிறார்கள். ‘ஃபீஸ் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே’ என்ற கேள்வி தெருமுனை திரும்பும்போது எழுகிறது. பணமில்லாதவர்களுக்குச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது: 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தாலுகா வரை சட்டப் பணிகள் குழு உண்டு, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் முதலானோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். எங்கள் வீட்டுச் சோபாவில் உட்காருகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால், ‘அது ஏழைங்களுக்கு இல்லையா?’ என்று புண்பட்டுப் போகிறார்கள்.

கட்டுரையை எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. ராத்திரி வீட்டுக்காரரிடம், ‘என் சிநேகிதி ஒருத்தி உறவுக்காரங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கா. அவங்க கேஸ் போட முடியுமா?’ என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், ‘கிரிமினல் அவதூறுல, எழுதினது உண்மைங்கறது மட்டும் போதாது. பொதுநன்மைக்காகவும் இருக்கணும்னு சொல்லு உன் சிநேகிதிகிட்ட’ என்றார்.

பத்திரத்தாள் பகுதியும், செக் தேதிகளும், 15100-உம் அன்றிரவுதான் சேர்க்கப்பட்டன.