படகுத்துறைக்கு இப்படிப் போகவும்

குறிஞ்சிப்பாடிக்காரர்களுக்கு இனி கொடைக்கானல் எதற்கு? பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கத்தில் மலை இருக்கிறது, தோண்டிய மேல்மண்ணைக் கொட்டியது. ஏரி இருக்கிறது, கரி எடுத்த பள்ளத்தில் தேங்கியது. மரம் நட்டு, படகும் விட்டால் அது சுற்றுச்சூழல் சுற்றுலா.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரியும் தலைகாட்டியது. 1956-இல் அதை வெட்டி எடுக்க என்.எல்.சி. நிறுவனம் வந்தது. பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை ஓயாமல் இறைத்தால்தான் கரியை வெட்ட முடியும். இறைத்த நீரில் வாலாஜா ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. கிராமத்துக் கிணறுகளோ பாதாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சுற்றுலாவில் மக்கள் பங்கேற்பு வேண்டுமாம். நிலத்தையே கொடுத்தவர்கள் இன்னும் எப்படிப் பங்கேற்பது? நிரந்தர வேலைக்கு அலையும் பிள்ளைகளை வழிகாட்டி ஆக்கலாம்: “சார், இடப்பக்கம் பாருங்க, கொக்கு. வலப்பக்கம், தண்ணிக்கு அடியில, எங்க தாத்தா வயலு.”

2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியது. அங்கே படகு எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. முன்பதிவுக்கு வருவோர் பட்டாவையும் கையோடு கொண்டுவரவும்.